ஷிஃப்ட் நகரட்டும், எழுத்து இருக்கட்டும்

மணிக்கட்டை வெளிப்பக்கமாக வளைக்காமல் தட்டச்சு செய்ய உருவானவை இரண்டாகப் பிரிந்த விசைப்பலகைகள். இவற்றில் பலவற்றில், எந்த விசை என்ன செய்ய வேண்டும் என்பதை க்யூஎம்கே போன்ற நிரல் வழியே நாமே தீர்மானிக்கலாம். அந்தத் தீர்மானத்தை ஆங்கிலத் தட்டச்சுக்காக வகுத்த அமைப்புகளிடம் விட்டுவிடக் கூடாது. தமிழில் எழுதுகிறவர் தமிழ்99 தட்டச்சு அமைப்பை முன்னிறுத்தியே விசைகளை அடுக்க வேண்டும்.

1999இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99, பிரிந்த பலகைக்கு வெகு இயல்பாகப் பொருந்துகிறது. உயிரெழுத்துகளும் புள்ளியும் இடக்கையில். வ, ங, கிரந்தம் நீங்கலாக மெய்யெல்லாம் வலக்கையில். சிக்கல் வலது ஓரத்தில்தான். பரவலாகப் புழங்கும் கார்ன் பலகையில் மொத்தம் 42 விசைகள்: ஒவ்வொரு பாதியிலும் 3 வரிசை, 6 பத்தி, கட்டைவிரலுக்கு 3. தமிழ்99இன் மேல் வரிசையிலோ வலக்கைக்கு 7 எழுத்துகள். கடைசி இரண்டான ச, ஞ உட்காரவேண்டிய சதுர அடைப்பு விசைகளை ஆங்கில அமைப்பு மறைவான அடுக்குக்குத் தள்ளிவிட்டு, ச இருக்கவேண்டிய இடத்தில் பேக்ஸ்பேஸை வைத்துவிடுகிறது. 'பஞ்சு' என்று எழுத ப, ஞ, ச, உ என நான்கே தட்டுகள் போதும். ஞ-வுக்குப் புள்ளி தானாகவே விழும். ஆனால் நடுவிலுள்ள இரண்டு தட்டுக்கும் இன்னொரு விசையை அழுத்திப் பிடிக்க வேண்டும். ச போன்று அடிக்கடி வரும் எழுத்துக்கு இது தேவையற்ற தண்டனை.

தீர்வு தமிழுக்குள்ளேயே இருக்கிறது. நம் எழுத்தில் பெரியது, சிறியது என்ற பேதம் இல்லை. கிரந்தம், ஆய்தம், சில குறிகள் தவிர ஷிஃப்டுக்கு வேலை குறைவு. எனவே அதையும் பேக்ஸ்பேஸையும் கட்டைவிரலுக்கு அனுப்பலாம். ச தன் பழைய இடத்துக்கே திரும்பும்; ஞ கீழ் வரிசை ஓரத்தில் அமரும். ஷிஃப்டையும் ஸ்பேஸையும் ஒரே விசையில் சேர்ப்பதை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். தட்டலா, பிடிப்பா என்பதை க்யூஎம்கே இயல்பாக 200 மில்லிநொடியில் முடிவு செய்கிறது. வேகமாக அடிப்பவருக்கு அது தடுமாறும்.

இப்படிப் பழகினால் அலுவலகக் கணினியில் கை திணறாதா என்று கேட்கலாம். விரல் நினைவில் இருப்பது எழுத்துகளின் இடம். அதில் மாறுவது ஞ ஒன்றுதான். ஷிஃப்ட், பேக்ஸ்பேஸ் மாற்றத்துக்குச் சில நாள் பழக்கம் போதும். மாற்றுவதென்று வந்துவிட்டால் புள்ளியையும் கட்டைவிரலுக்குத் தந்து, வ-வையும் வலப்பக்கம் கொண்டுவரலாமே என்பது எதிர்த்திசை வாதம். அதை ஏற்பதற்கில்லை. க, ப, ம, த, ந ஐந்தும் நடு வரிசையில் இருப்பது தற்செயல் அல்ல. அடிக்கடி வரும் எழுத்துக்கு எளிய இடம் என்ற கணக்கு அதில் ஏற்கெனவே இருக்கிறது. அதைக் கலைத்தால் ஆளுக்கொரு தமிழ்ப் பலகையாகி, பொதுத் தரம் என்ற பயனே போய்விடும்.

இந்த மாற்றங்கள் அடங்கிய ஆயத்த அமைப்புக் கோப்பு ஒன்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் இலவசமாக வெளியிட வேண்டும். நிரல் தெரியாத தட்டச்சரும் எழுத்தாளரும் அதை அப்படியே ஏற்றிக்கொள்ள முடியும்.