தண்ணி இழுக்காத காகிதம்

ஞாயிற்றுக்கிழமை பேப்பரைப் பிரித்ததும் உள்ளேயிருந்து வழுக்கி விழுந்தது அந்தத் துண்டுத்தாள். வழவழப்பு, இரண்டு பக்கமும் வண்ணம். நரைத்த மீசைக்காரர் ஒருவர் டென்னிஸ் மட்டையோடு சிரிக்கிறார். ராயபுரத்தில் டென்னிஸ் ஆடுகிறவரை இந்த அறுபத்தொரு வருடத்தில் நான் பார்த்ததில்லை. கேரம் போர்டு என்றால் தெருவுக்கு நாலு காட்டுவேன்.

முதுமை என்பது ஹார்மோன் குறைவுதானாம், நிரப்பிக்கொண்டால் சரியாகிவிடுமாம். மூன்று மாதத்துக்கு ஒரு ரேட்டு, ஆறு மாதமாக எடுத்தால் தள்ளுபடி. இதெல்லாம் வழக்கமான கதை, தாண்டிப் போயிருப்பேன். அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. அமெரிக்காவிலேயே எச்சரிக்கையை நீக்கிவிட்டார்களாம், இனி பயமே வேண்டாமாம். அந்த வரியில்தான் என் காபி ஆறிப்போனது.

நீக்கியது உண்மைதான். 2025 நவம்பரில் அந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அறிவித்தது. ஆனால் அது மாதவிடாய் நின்ற பெண்களுக்கான ஹார்மோன் மருந்துகளின் மேல் இருந்த கறுப்புக் கட்ட எச்சரிக்கையைப் பற்றியது. மட்டை பிடித்த மீசைக்காரருக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. பெண்கள் விஷயத்திலும் எல்லாம் போய்விடவில்லை. கர்ப்பப்பை உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாக எடுத்தால் கர்ப்பப்பையின் உட்சுவரில் புற்றுநோய் வரலாம் என்ற எச்சரிக்கை அப்படியே நிற்கிறது.

இந்த மருந்துக்கு ஒரு பூர்வகதை உண்டு. சினைக் குதிரையின் மூத்திரத்திலிருந்து ஈஸ்ட்ரோஜனைப் பிரித்து 1942இல் அமெரிக்காவில் மாத்திரையாக விற்றார்கள். 1966இல் ராபர்ட் வில்சன் என்ற டாக்டர், பெண் என்றென்றும் பெண்ணாகவே இருக்க இதுதான் வழி என்று ஒரு புத்தகமே எழுதினார். மாதவிடாய் நின்றவளைப் பட்டுப்போன மரமாகப் பார்க்கிற புத்தகம். மருந்துக் கம்பெனிப் பணம் அவருக்குப் போன கதை பின்னால் வெளியே வந்தது. 1975இல் கர்ப்பப்பைப் புற்றுநோய்க் கணக்கு வந்து விற்பனை படுத்தது. புரோஜெஸ்டின் என்ற இன்னொன்றைச் சேர்த்துக் கொடுத்ததும் மறுபடி எழுந்தது.

பிறகு 2002 ஜூலை. 16,608 பெண்களை வைத்து நடந்த பெரிய ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் கூடுதல் என்று தலைப்புச் செய்தி. நான் கணக்கு டீச்சராக இருந்தவள், சதவீதத்தைப் பார்த்தால் எதில் சதவீதம் என்று கேட்டுத்தான் பழக்கம். பத்தாயிரம் பெண்கள் ஒரு வருடம் இரண்டும் கலந்த மாத்திரையைச் சாப்பிட்டால் 38 பேருக்குப் புற்றுநோய், சாப்பிடாத பத்தாயிரத்தில் 30 பேருக்கு. எட்டுப் பேர் அதிகம். பக்கவாதமும் எட்டு அதிகம். இடுப்பெலும்பு முறிவோ பதினைந்திலிருந்து பத்தாகக் குறைந்தது. இந்த எட்டைச் சின்ன எண் என்று நான் சொல்ல மாட்டேன், அந்த எட்டில் ஒருத்தி நம் வீட்டவளாக இருக்கலாம். ஆனால் ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63. ஐம்பதில் வியர்த்துக் கொட்டுகிறவளுக்கும் அதே பயத்தைக் காட்டி மாத்திரையைப் பிடுங்கினார்கள்.

அந்த ஐம்பதுக்காரிகளில் நானும் ஒருத்தி. மார்கழி மாதம், மின்விசிறிக்கு நேர் கீழே நின்று பின்னம் நடத்திக்கொண்டிருக்கிறேன், மார்பிலிருந்து முகத்துக்கு அடுப்பு மூட்டினாற்போல ஏறுகிறது. சாக்பீஸ் கையில் பிசுபிசுக்கிறது. ராத்திரி மூன்று மணிக்குத் தலையணை நனைந்து கிடக்கும். போய்ப் பார்த்த டாக்டரம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், வயசானா அப்படித்தாம்மா என்று கால்சியம் எழுதித் தந்தார். நான்கு வருடம் அப்படித்தான் போயிற்று.

மீசைக்காரருக்கு வருகிறேன். 1889இல் பாரிஸில் பிரவுன் செக்கார் என்ற விஞ்ஞானி, 72 வயதில், நாய், சீமைப்பெருச்சாளி இவற்றின் விதைகளை அரைத்து வடித்துத் தனக்கே ஊசி போட்டுக்கொண்டு, படியேற முடிகிறது, பலம் திரும்பிவிட்டது என்று சபையில் சொன்னார். பலன் தருகிற அளவுக்கு அதில் ஹார்மோன் இருந்திருக்க முடியாது என்பது பின்னால் தெரிந்தது. ஐந்து வருடத்தில் போய்ச் சேர்ந்தார். இன்று நிஜமான டெஸ்டோஸ்டிரோனே கிடைக்கிறது. அளவு உண்மையிலேயே குறைந்து, இதயக் கோளாறோ அதற்கான வாய்ப்போ உள்ள ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023இல் வந்தது. மாரடைப்பு கூடவில்லை. ஆனால் இதயத் துடிப்புத் தாறுமாறாவதும் நுரையீரலில் ரத்தம் உறைவதும் கூடின. எலும்பு முறிவு குறையும் என்று பார்த்தால் அதுவும் கூடியிருந்தது. துண்டுத்தாளில் இதற்கு இடமில்லை, மட்டைதான் பாதிப் பக்கத்தை அடைத்துக்கொண்டிருக்கிறதே.

இவ்வளவு எரிச்சலோடு வீட்டில் உட்கார முடியாது. ஷேர் ஆட்டோ பிடித்துத் திருவொற்றியூர் போனேன். பட்டினத்தாரை இழுக்காமல் இந்தப் பத்தி முடிவதில்லை என்று கொருக்குப்பேட்டை வாசகர் ஒருவர் கணக்கு வைத்துக் கடிதம் போடுகிறார். எண்ணிக்கையில் இன்று ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள் ஐயா.

பேய்க்கரும்பு கையில் இனித்த இடம் என்று கடற்கரையோரம் பட்டினத்தார் சமாதி. பிள்ளைகளோடு மணலில் புதைந்து விளையாடி, கூடையால் மூடச் சொல்லி, திறந்தால் லிங்கமாக இருந்தார் என்பது கதை. இப்போது அலையைத் தடுக்கக் கல் கொட்டியிருக்கிறார்கள். உடம்பை இவ்வளவு ஏசியவர் தமிழில் இல்லை. ஆனால் எல்லாம் துறந்தவருக்கும் அம்மாவின் உடம்பைத் துறக்க முடியவில்லை. சுடுகாட்டுக்கு ஓடிவந்து பச்சை வாழை மட்டையை அடுக்கிப் பாடி அழுதார். இதே ஊர்க் கோயிலுக்கு ஏழுகிணறு வீராசாமித் தெருவிலிருந்து நடந்தே வந்து வடிவுடையம்மனைப் பாடியவர் வள்ளலார். அவர் நேர் எதிர். உடம்பு சாகாமல் நிற்க வேண்டும் என்றவர், கரிசலாங்கண்ணி, தூதுவளை, முசுமுசுக்கை என்று சமையல்கட்டு வரைக்கும் இறங்கிச் சொன்னவர். ஒருவர் உடம்பைத் தூக்கி எறி என்கிறார், ஒருவர் கெட்டியாகப் பிடி என்கிறார், இருவரும் வந்தது ஒரே ஊருக்கு. இருவரில் யாரும் ஆறு மாதத்துக்குத் தள்ளுபடி தரவில்லை.

திரும்பும்போது தேரடிப் பக்கம் அக்காவிடம் நின்றேன். மீன்பிடித் தடைக்காலத்தில் தண்டல்காரனைத் துடைப்பத்தால் விரட்டிய மீன்கார அக்கா அவள். மகள் என்னிடம் படித்தவள். அக்காவின் வலக்கை மாவுக்கட்டில் இருந்தது. அருவாமனையில் மகள் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாக்கா இது?"

"காசிமேட்டுல ஏலத்துக்குப் போனேன் டீச்சர், விடியகாத்தால நாலு மணி. ஐஸ் தண்ணில வழுக்கிச்சு. கைய ஊனினேன். அவ்ளோதான், மணிக்கட்டு பிஸ்கோத்து மாதிரி போச்சு."

முப்பது வருடமாக அதே தரையில் வழுக்காதவளா? எத்தனையோ தடவை விழுந்து எழுந்து அன்னக்கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தவள். வயது 56தான். கட்டுப்போட்ட ஆஸ்பத்திரியில் எலும்பு மெலிந்திருக்கிறது, பழைய ஆபரேஷன் பேப்பர் இருந்தால் கொண்டுவா என்றார்களாம். கல்லாப்பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து, "இங்கிலீசுல கீது, நீ படிச்சுச் சொல்லு" என்று நீட்டினாள்.

பத்தொன்பது வருடத்துக்கு முந்தைய தாள், மடிப்பில் கிழிந்து, மீன் செதில் ஒன்று ஒட்டியிருந்தது. ஏதோ ஒரு தனியார் மருத்துவமனை. உதிரப்போக்கு நிற்கவில்லை என்று போனவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்திருக்கிறார்கள். அது அவளுக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். டி.ஏ.ஹெச். என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் ஒரு கூட்டல் குறி. அடுத்து பி.எஸ்.ஓ. சினைப்பைகள் இரண்டையும் குழாய்களோடு எடுத்தாயிற்று என்று அர்த்தம். எதற்காக இரண்டையும் எடுத்தார்கள் என்று தாளில் ஒரு வார்த்தை இல்லை.

எலும்பைக் காக்கிற ஈஸ்ட்ரோஜன் பெரும்பாலும் சுரப்பது அங்கேதான். முப்பத்தேழில் அதை எடுத்துவிட்டால், மார்பகப் புற்றுநோய், ரத்த உறைவு மாதிரி தடை ஏதும் இல்லாதவரைக்கும், இயல்பாக நிற்கிற ஐம்பது வயது வரையாவது மருந்தாகக் கொடுப்பதுதான் மருத்துவ வழக்கம். அது இளமைக்கான ஊசி இல்லை, பிடுங்கியதைத் திருப்பித் தருவது. கர்ப்பப்பை இல்லாதவளுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும், இரண்டாவது மருந்துகூட வேண்டாம். தொடங்குவதென்றால் அறுபதுக்குள், அதுவும் நின்று பத்து வருடத்துக்குள் தொடங்குவதுதான் நல்லது என்கிறார்கள். அக்காவுக்கு நின்று பத்தொன்பது வருடம். இனி எலும்புக்கு வேறு மருந்து பார்க்க வேண்டியிருக்கலாம், அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

இதில் பாதியைத்தான் சொன்னேன். அக்கா இடக்கையால் ஈயை ஓட்டிக்கொண்டே கேட்டாள்.

"ரெண்டையுமா எடுத்தாங்க?"

"ஆமாக்கா."

"சொல்லவே இல்லியே." கொஞ்ச நேரம் தாளையே பார்த்தாள். "ஆபரேஷன் முடிஞ்ச வருசம் ஒடம்பெல்லாம் எரியும் டீச்சர். ராத்திரி ஐஸ் பொட்டி மேல சாஞ்சு படுத்துக்குவேன். அதான் இதுவா? அப்ப முப்பத்தேழுலயே நான் கெழவியாயிட்டனா?"

பதில் சொல்ல வரவில்லை. சங்கரா அரைக்கிலோ கேட்டேன். மகள் வெட்டிக் கழுவியதும், கவர் தீர்ந்துவிட்டது, சுற்ற ஏதாவது காகிதம் இருந்தால் கொடுங்கள் என்றாள். பையிலிருந்து அந்தத் துண்டுத்தாளை எடுத்துக் கொடுத்தேன். அக்கா விரலால் தடவிப் பார்த்து, மீசைக்காரரைத் திருப்பி என்னிடமே நீட்டினாள்.

"வயவயன்னு கீது டீச்சர். தண்ணி இழுக்காது. நல்ல பேப்பரா இருந்தா குடு."