வெளுத்துப்போன கார் பம்பர்: தேங்காய் எண்ணெய் தடவலாமா?

பாபநாசம் வழியாகப் போகும் தஞ்சாவூர் - கும்பகோணம் சாலையில் ஐந்தாறு வருடப் பழைய கார்களைக் கவனியுங்கள். பெயின்ட் பளபளக்கும். பெயின்ட் அடிக்காத கறுப்பு பம்பரும் சைடு மிரரும் மட்டும் சாம்பல் பூசியதுபோல வெளுத்திருக்கும்.

எவ்வளவு கழுவினாலும் போகாது. காரணம், அழுக்கு அல்ல, வெயில்! இந்த பாகங்கள் பெரும்பாலும் பாலிப்ரோப்பிலீன் பிளாஸ்டிக். புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு மேற்பரப்பு நுண்ணிய வெடிப்பு விடுகிறது. அதில் ஒளி சிதறுவதால்தான் அந்த வெள்ளை.

சமையலறைத் தேங்காய் எண்ணெயைத் தடவினால் அன்றைக்கு ஜோராக இருக்கும். அறுவடை சீஸனில் என்றால் நெல் தூசு முழுவதும் அதில்தான் ஒட்டும்.

தூசாவது பரவாயில்லை. வைப்பருக்குக் கீழே இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக்கில் எண்ணெய் தடவியிருந்தால், ஐப்பசி மழையில் அது கண்ணாடிக்கு வரும்; வைப்பர் அதை இழுத்து இழுத்துப் பூசும். இரவில் எதிரே பஸ் வந்தால், ஹெட்லைட் கூச்சத்தில் சாலையே தெரியாது. அந்த இடத்தில் எண்ணெய், சிலிகான் பாலிஷ் இரண்டுமே வேண்டாம்.

மற்ற இடங்களுக்கு, வண்டியை நிழலில் நிறுத்தி, கார் ஷாம்பூவும் பழைய டூத் பிரஷ்ஷும் கொண்டு இடுக்கெல்லாம் தேயுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு, கடையில் கிடைக்கும் ‘டிரிம் ரெஸ்டோரரை’ ஸ்பாஞ்சில் தொட்டு மெல்லிசாகப் பூசி, மிச்சத்தைத் துணியால் துடைத்துவிடுங்கள். இதுவும் நிரந்தரம் இல்லை. மங்கினால் மறுபடி பூச வேண்டும். பெட்ரோல், தின்னர் பக்கமே போகாதீர்கள்.

ஹீட் கன்னால் சூடுகாட்டிக் கறுப்பாக்கும் வீடியோக்களும் சுற்றுகின்றன. கறுப்பு திரும்புவது நிஜம்தான். கை கொஞ்சம் ஒரே இடத்தில் நின்றால் பம்பர் நெளிந்துவிடும் என்பதும் நிஜம்.