கனவான்களின் சூதாட்டம்



சூதாட்டம் என்றதும் சந்தியோரத்தில் காசு வைத்து விளையாடும் கூட்டம்தான் நம் நினைவுக்கு வருகிறது. அதே பாவம் கோட்டும் தொப்பியும் அணிந்து வந்தால் நமக்கு அடையாளம் தெரிவதில்லை. அப்படி வந்த ஒரு நிறுவனத்தின் வரலாற்றை இம்மாதம் பார்ப்போம்.

1886ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஷ்விண்ட், பெனிங்டன் என்ற இருவர் குதிரைப் பந்தயத் தரகு வேலையைத் தொடங்கினார்கள். 1902இல் ஆர்தர் பென்டிர் என்பவர் சேர்ந்ததும் தொழில் லண்டனுக்குப் போனது. ‘லாட்புரோக்ஸ்’ என்ற பெயரும் வந்தது. அவர்களது வாடிக்கையாளர்கள் பிரபுக்களும் பெரும் பணக்காரர்களும். கையில் காசு வாங்குவதில்லை. பந்தயத் தொகையைப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு பிறகு கணக்குத் தீர்ப்பார்கள். ‘புக்மேக்கர்’ என்ற பெயரே அந்தப் புத்தகத்தால் வந்ததுதான். நம் நாட்டில் அது ‘புக்கி’ ஆயிற்று.

1906இல் தெருவில் பந்தயம் கட்டுவதைத் தடுக்கும் சட்டம் அங்கே வந்தது. ஒரு ஷில்லிங் கட்டிய கூலியாள் குற்றவாளி ஆனான். கடன் கணக்கில் ஆயிரம் பவுண் கட்டிய பிரபுவை அச்சட்டம் தொடவில்லை. பாவம் ஒன்று, மரியாதை மட்டும் இரண்டு!

பெண்களையும் இத்தொழில் விட்டுவைக்கவில்லை. ஹெலன் வெர்னெட் என்ற சீமாட்டி தந்தை விட்டுச் சென்ற பணத்தில் பெரும்பகுதியைச் சூதில் இழந்தார். பிறகு தன் தோழிமாரின் சிறு பந்தயங்களைத் தானே ஏற்கத் தொடங்கினார். இதைக் கண்ட பென்டிர் 1919இல் அவரை வேலைக்கு எடுத்தார். 1928இல் அவர் பங்காளியும் ஆனார். பந்தயம் கட்டியபோது இழந்த அதே பெண், பந்தயத்தை ஏற்றபோது செல்வம் சேர்த்தார். சகோதரிகளே, இதிலே படிப்பினை இல்லையா?

ஏன் அப்படி? கணக்கைப் பாருங்கள். சமபலமுள்ள இரண்டு அணிகள். இரண்டு பேர் ஆளுக்கு 100 ரூபா கட்டுகிறார்கள். புக்கியின் கையில் 200. வென்றவனுக்கு அவன் கொடுப்பது 190. யார் வென்றாலும் 10 ரூபா புக்கிக்கு. அவன் சூதாடுவதில்லை; சூதாட வைக்கிறான். அறபியில் சூதுக்கு ‘மைஸிர்’ என்று பெயர். ‘யுஸ்ர்’, அதாவது இலகு என்பதிலிருந்து அது வந்ததாக அறிஞர்கள் கூறுவர். அந்த இலகு யாருக்கு என்று இப்போது விளங்கும்.

1961இல் பந்தயக் கடைகளைச் சட்டம் அனுமதித்ததும் இந்நிறுவனம் ஏழைகளின் தெருவுக்கும் இறங்கி வந்தது. பின்னர் தொலைபேசிக்குள்ளும் புகுந்தது. 2019இல் பிரிட்டனின் சூதாட்ட ஆணைக்குழு லாட்புரோக்ஸும் அதன் கூட்டு நிறுவனமும் 59 இலட்சம் பவுண் செலுத்த வேண்டுமென்றது. காரணம்? 98,000 பவுண் இழந்த ஒருவர், தமக்கு விளம்பரம் அனுப்ப வேண்டாம் என்று கேட்ட பிறகும் அவரைத் தக்கபடி காக்கவில்லை என்பதும் அதிலொன்று.

சூதாட வா என்று ஒருவரை அழைத்தவர்கூட அதற்காகத் தர்மம் செய்யட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அழைப்பே அவ்வளவு பாரமானது. இன்று அவ்வழைப்பு நம் பிள்ளையின் கைத்தொலைபேசிக்கு, கிரிக்கெட் என்ற பெயரில், இரவிலும் வருகிறது.

1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு வெறுங்கையோடு வெளியேற்றப்பட்ட சமூகம் நாம். திரும்பி வந்தவர்கள் சல்லி சல்லியாகச் சேர்த்துத்தான் கடையும் கூரையும் போட்டார்கள். அந்தச் சல்லி, எந்தப் பக்கம் வென்றாலும் தோற்காத ஒருவனின் புத்தகத்துக்குப் போக விடலாமா?

ஆகவே உம்மாமாரே, பிள்ளையைத் திட்டுவதற்கு முன் அவனைப் பக்கத்தில் இருத்தி அந்த 190 ரூபாக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். கடன்பட்டிருந்தால் அதை மறைக்காமல் சொல்லும் துணிவை அவனுக்குக் கொடுங்கள். ஹராம் என்பதை அவன் அறிவான். ஏமாற்று என்பதையும் அறியட்டும். தவ்பாவின் வாசல் திறந்தே இருக்கிறது. அல்லாஹ் நம் வீடுகளில் ஹலாலான பரக்கத்தைத் தருவானாக. ஆமீன்.