பார்மட் செய்யும் முன் ஒரு வரி

பழைய கம்ப்யூட்டரில் பைல் ஒன்று காணாமல் போய்விட்டது என்று கடைக்குத் தூக்கிச் சென்றால், பல நேரங்களில் கிடைக்கும் பதில் "பார்மட் செய்துவிடலாம் சார்" என்பதுதான். புதிய கம்ப்யூட்டர் வாங்கியவர்களும் பழையதை யாருக்காவது கொடுக்கும் முன் இதையேதான் செய்கிறார்கள். அப்படிச் செய்வதற்கு முன்னால் கமாண்ட் பிராம்ப்ட் என்னும் கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி டைப் செய்து பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. அந்தக் கம்ப்யூட்டரில் இருப்பது விஸ்டா அல்லது விண்டோஸ் 7 என்றால் கட்டாயம் பார்க்க வேண்டும்.

காரணம், ஷேடோ காப்பி எனப்படும் நிழல் நகல். சிஸ்டம் ரெஸ்டோர் பாயிண்ட் உருவாகும்போது விண்டோஸ், டிரைவின் அந்த நேரத்து நிலையைக் குறித்து வைத்துக்கொள்கிறது. முழு டிரைவையும் நகல் எடுப்பதில்லை. அதற்கு இடம் எங்கே? டிரைவை 16 கிலோபைட் துண்டுகளாகப் பார்க்கிறது. ஒரு துண்டில் புதிதாக ஏதாவது எழுதப்படப் போகிறது என்றால், அதில் இருந்த பழைய தகவலை முதலில் தனியே எடுத்து வைக்கிறது. பிறகு பழைய நிலையைக் காட்டச் சொன்னால், மாறாத துண்டுகளை டிரைவிலிருந்தும் மாறியவற்றை இந்தச் சேமிப்பிலிருந்தும் எடுத்துச் சேர்த்துக் காட்டுகிறது. சேமிப்பு இருக்கும் இடம் சிஸ்டம் வால்யூம் இன்பர்மேஷன் என்ற போல்டர். அதைத் திறக்க நமக்கு அனுமதி இல்லை.

இதில் எனக்கு நெடுநாள் வருத்தம் ஒன்று உண்டு. விஸ்டாவின் ஹோம் பதிப்புகளும் நிழல் நகல்களை எடுத்துக்கொண்டுதான் இருந்தன. ஆனால் அவற்றைத் திறந்து பார்க்க உதவும் "பிரீவியஸ் வெர்ஷன்ஸ்" என்ற வசதி பிசினஸ், எண்டர்பிரைஸ், அல்டிமேட் பதிப்புகளுக்கு மட்டுமே தரப்பட்டது. வீட்டு உபயோகிப்பாளரின் டிஸ்க்கில் இடத்தை எடுத்துக்கொண்டு, சாவியை மட்டும் தராமல் இருந்தது என்ன நியாயம்? விண்டோஸ் 7ல் எல்லாப் பதிப்புகளுக்கும் அந்த வசதி வந்தது. 2012ல் வந்த விண்டோஸ் 8ல் மீண்டும் எடுத்துவிட்டார்கள். மவுஸ் கொண்டு செய்யும் வசதிகள் இப்படி வரும், போகும். கறுப்புத் திரையின் கட்டளை அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

ஸ்டார்ட் மெனுவில் கமாண்ட் பிராம்ப்ட் மீது ரைட் கிளிக் செய்து, "ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் அனுமதி இல்லை என்று திருப்பி அனுப்பிவிடும். "விஎஸ்எஸ்அட்மின் லிஸ்ட் ஷேடோஸ்" என்று மூன்று சொற்களாக ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். நகல்கள் இருந்தால் ஒவ்வொன்றும் எந்தத் தேதியில், எந்த டிரைவில் எடுக்கப்பட்டது என்று பட்டியல் வரும். நீங்கள் தேடும் பைல் அழிவதற்கு முந்தைய தேதி அதில் இருந்தால் நம்பிக்கை உண்டு. விண்டோஸ் 7ல் அந்தப் போல்டர் மீது ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸில் பார்க்கலாம். விஸ்டா ஹோம் என்றால் ஷேடோ எக்ஸ்புளோரர் என்ற புரோகிராம் உதவும். கிடைத்ததை அதே டிரைவில் வைக்காமல் பென் டிரைவுக்குக் காப்பி செய்யுங்கள்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இதே கட்டளையில் "லிஸ்ட்" இருக்கும் இடத்தில் "டெலிட்" வந்தால் நகல்கள் அழிந்துவிடும். 2017 மே மாதம் உலகத்தையே கலங்கடித்த வான்னாக்ரை வைரஸ், பைல்களைப் பூட்டியதோடு நிற்காமல் இந்தக் கட்டளையைக் கொண்டே நிழல் நகல்களையும் அழித்தது. எனவே யாரோ எழுதி அனுப்பிய வரியை அப்படியே டைப் செய்யாதீர்கள்.

பழைய கம்ப்யூட்டர் பூட் ஆகவில்லையா? அதன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்ப்பதுதான் வழக்கம். இங்கே அது ஆபத்து. எக்ஸ்பியில் மாட்டினால் விஸ்டா, விண்டோஸ் 7 எடுத்து வைத்த நகல்கள் அழிந்தே போகும். லினக்ஸ் தெரிந்த நண்பர் இருந்தால் அவரிடம் கொடுங்கள். டிஸ்க்கை அப்படியே இமேஜ் பைலாக எடுத்துக்கொண்டு, யோவாகிம் மெட்ஸ் எழுதிய லிப்விஷேடோ என்ற இலவசத் தொகுப்பால் அவர் ஆராயலாம். அதில் உள்ள விஷேடோஇன்போ எத்தனை நகல்கள், எந்தத் தேதி என்று சொல்லும். விஷேடோமவுண்ட் ஒவ்வொரு நகலையும் தனி டிஸ்க் போல் திறந்து தரும். இதற்கு விண்டோஸ் தேவையே இல்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு, உங்கள் புதிய கம்ப்யூட்டரிலும் ரெஸ்டோர் பாயிண்ட் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். விண்டோஸ் 8 முதல், சி டிரைவில் சிஸ்டம் ரெஸ்டோருக்குத் தேவையான பைல்களை மட்டுமே அது கண்காணிக்கிறது. உங்கள் மகளின் பிறந்தநாள் போட்டோ அந்தக் கணக்கில் வராது. பட்டியலில் நகல் தெரியும். உள்ளே உங்கள் பைல் சரியாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. விண்டோஸ் 11ன் 24எச்2 பதிப்பில், 2025 ஜூன் அப்டேட்டுக்குப் பிறகு ரெஸ்டோர் பாயிண்டுகளுக்கு ஆயுள் 60 நாட்கள் வரைதான். டிஸ்க் கெட்டால் நகலும் அதனோடு போகும்.

போட்டோக்களை வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி வையுங்கள். டி டிரைவில் சொந்தப் பைல்கள் வைத்திருப்பவர்கள் சிஸ்டம் புரொடெக்ஷனில் அந்த டிரைவைத் தனியாக ஆன் செய்ய வேண்டும். அங்கேயே "கிரியேட்" பட்டனை அழுத்தி ஒரு ரெஸ்டோர் பாயிண்ட் உருவாக்கிவிட்டு, அதே மூன்று சொற்களை மறுபடி டைப் செய்யுங்கள். பட்டியலில் டி டிரைவின் பெயர் வருகிறதா என்று பாருங்கள்.