ஆளை வாங்கியாச்சு, ஆனா ஆட வைக்க முடியுமா? பார்சிலோனாவின் கணக்கில் சிக்கிய கோல்கீப்பரின் முதுகு

ஜூலை 24-ம் தேதி பார்சிலோனா கேப்டன் மார்க் ஆந்த்ரே டெர் ஸ்டீகன் இன்ஸ்டாகிராமில் ஒரு பதிவு போட்டார். முதுகில் அறுவை சிகிச்சை செய்யப் போவதாகவும், மீண்டு வர சுமார் மூன்று மாதங்கள் ஆகும் என்றும் அதில் சொல்லியிருந்தார்.

சாதாரணமா பார்த்தா இது ஒரு காயச் செய்தி. ஆனால் அந்த "மூன்று மாதம்" என்ற வார்த்தைதான் பார்சிலோனா நிர்வாகத்துக்குத் தலைவலியாக மாறியது. நான்கு மாதம் என்று இருந்திருந்தால் கிளப்புக்கு ஒரு புதிய கோல்கீப்பரைக் களமிறக்க வழி கிடைத்திருக்கும். இரண்டே வாரத்தில் டெர் ஸ்டீகனின் கேப்டன் பதவி பறிபோனது. மறுநாளே திரும்பக் கிடைத்தது. என்னதான் நடந்தது?

வாங்குறது வேற, பதிவு செய்றது வேற

ஸ்பெயினின் லா லிகா தொடரில் ஒரு வீரரை ஒப்பந்தம் செய்துவிட்டால் மட்டும் போதாது. லீக்கிடம் பதிவு செய்தால்தான் அவர் ஆட முடியும். அந்தப் பதிவுக்குக் குறுக்கே நிற்பது சம்பள வரம்பு.

ஐபிஎல் பார்ப்பவர்களுக்கு இது பழக்கமான விஷயம் போலத் தெரியலாம். ஆனா ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. ஐபிஎல் ஏலத்தில் எல்லா அணிகளுக்கும் ஒரே தொகைதான். லா லிகாவில் கிளப்புக்குக் கிளப் வரம்பு மாறும். வருமானம் எவ்வளவு, மற்ற செலவுகள் எவ்வளவு, கடனுக்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்று கணக்குப் பார்த்து, வீரர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்று லீக்கே சொல்லிவிடும். வாங்கும் விலையும் ஒப்பந்த வருடங்களுக்குப் பிரிக்கப்பட்டு இதே கணக்கில்தான் சேரும்.

வரம்புக்குள் இருக்கும் கிளப்புக்கு ஒரு யூரோ மிச்சமானால் ஒரு யூரோ செலவழிக்கலாம். இதைத்தான் '1:1 விதி' என்கிறார்கள். வரம்பைத் தாண்டிய கிளப் மிச்சம் பிடிப்பதில் ஒரு பகுதியை மட்டுமே பயன்படுத்த முடியும். ஒரு கட்டத்தில் பார்சிலோனா நான்கு யூரோ மிச்சம் பிடித்தால் ஒரு யூரோதான் செலவழிக்கலாம் என்ற நிலையில்கூட இருந்தது.

இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் நடைமுறை வேறு. அங்கே 2025-26 வரையிலான விதிப்படி மூன்று வருட நஷ்டத்தைப் பின்னால் பார்த்து, மீறினால் புள்ளிகளை வெட்டுவார்கள். எவர்ட்டனும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டும் அப்படிப் புள்ளிகளை இழந்தன. ஸ்பெயினில் தப்பு நடப்பதற்கு முன்பே கதவைச் சாத்திவிடுகிறார்கள்.

மெஸ்ஸியில் ஆரம்பித்த கதை

2021 ஆகஸ்ட் 5 அன்று லயோனல் மெஸ்ஸி கிளப்பில் தொடரப் போவதில்லை என்று பார்சிலோனா அறிவித்தது. சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ள அவர் தயாராக இருந்தும் கணக்கு ஒத்துவரவில்லை.

அடுத்த வருடம் நிர்வாகம் சொத்தை விற்க ஆரம்பித்தது. லா லிகா ஒளிபரப்பு வருமானத்தில் 25 சதவீதத்தை 25 வருடங்களுக்கு ஒரு அமெரிக்க முதலீட்டு நிறுவனத்திடம் கொடுத்தது. அந்தப் பணத்தில் லெவண்டோவ்ஸ்கி, ரஃபினியா, கூண்டே வந்தார்கள். 2022-23 கோப்பையும் கிடைத்தது. நாளைய வருமானத்தை இன்றைக்கே சாப்பிட்டதற்குப் பலன் இருந்தது என்று வாதிடலாம். ஆனா அந்தக் கால் பங்கு 25 வருடத்துக்குத் திரும்பி வராது.

2024-ல் டானி ஓல்மோ வந்தார். முதல் இரண்டு லீக் ஆட்டங்களில் அவரால் ஆட முடியவில்லை. டிஃபெண்டர் கிறிஸ்டென்சனுக்கு நீண்டகாலக் காயம் ஏற்பட்டதால் கிடைத்த இடத்தில்தான் அவர் பதிவானார், அதுவும் டிசம்பர் 31 வரை மட்டும். கெடு முடிந்ததும் பதிவு ரத்தானது. புதுப்பிக்கப்படும் கேம்ப் நூ மைதானத்தின் விஐபி இருக்கைகளை 10 கோடி யூரோவுக்கு விற்றதாக கிளப் கணக்குக் காட்டியது. கடைசியில் 2025 ஜனவரி 8 அன்று அரசின் விளையாட்டுக் கவுன்சில் இடைக்கால அனுமதி கொடுத்த பிறகுதான் ஓல்மோவால் மீண்டும் ஆட முடிந்தது.

'உத்தரவாதம் கொடுங்க'

2025 கோடையில் பார்சிலோனாவின் முதல் ஆசை அத்லெடிக் கிளப்பின் விங்கர் நிகோ வில்லியம்ஸ். ஓல்மோவுக்கு நடந்ததை அவர் பக்கம் மறக்கவில்லை. பதிவு நிச்சயம் நடக்கும் என்று எழுத்துப்பூர்வ உறுதி கேட்டதாக ஸ்பெயின் ஊடகங்கள் எழுதின. ஜூலை 4 அன்று வில்லியம்ஸ் தன் சொந்த கிளப்புடனேயே 2035 வரை ஒப்பந்தத்தை நீட்டித்துக்கொண்டார். பணம் இருந்தாலும் நம்பிக்கை இல்லையென்றால் ஆள் வர மாட்டார் என்பது கிளப்புக்கு அன்றுதான் உறைத்திருக்கும்.

அதற்குப் பதிலாக மான்செஸ்டர் யுனைடெட்டிலிருந்து மார்கஸ் ராஷ்ஃபோர்ட் ஒரு வருடக் கடனில் வந்தார். பிடித்திருந்தால் பிறகு வாங்கிக்கொள்ளலாம். ஒதுக்கப்பட்டிருந்த ஒருவரை வாங்கும் விலை இல்லாமல் சோதித்துப் பார்க்கும் ஏற்பாடு இது. காசில்லாத வீட்டுக்குப் புத்திசாலித்தனமான தேர்வுதான்.

டெர் ஸ்டீகன் ஏன் கையெழுத்துப் போட மறுத்தார்?

ஜூன் மாதமே பார்சிலோனா இன்னொரு ஆளையும் எடுத்துவிட்டது: பக்கத்து கிளப்பான எஸ்பான்யோலின் 24 வயது கோல்கீப்பர் ஜோன் கார்சியா. விலை சுமார் 2.5 கோடி யூரோ. ஒரே நகரத்துப் பகையாளியிடமிருந்து வந்ததால் சத்தம் அதிகம். ஆனால் டெர் ஸ்டீகனுக்கு அது தெளிவான சேதி. 2014-ல் வந்தவர், 2028 வரை ஒப்பந்தம் உள்ளவர், கேப்டன். கிளப் தன்னை முதல் கீப்பராகப் பார்க்கவில்லை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

லா லிகா விதிப்படி, ஒரு வீரர் நான்கு மாதங்களுக்கு மேல் ஆட முடியாது என்று லீக்கின் மருத்துவக் குழு ஒப்புக்கொண்டால், அவருடைய சம்பளத்தில் 80 சதவீதம் வரை வேறொருவரைப் பதிவு செய்யப் பயன்படுத்தலாம். டெர் ஸ்டீகனின் சம்பளம் பெரியது. கார்சியாவின் பதிவுக்கு அது போதும். ஆனால் மருத்துவ அறிக்கையை லீக்குக்கு அனுப்ப வீரரின் சம்மதம் வேண்டும். அவர் கொடுக்கவில்லை.

அவர் பக்கமும் யோசிக்கணும். 2024-ல் நாயர் ஓய்வு பெற்ற பிறகு ஜெர்மனியின் முதல் கீப்பர் இடம் பல வருடக் காத்திருப்புக்குப் பின் அவருக்குக் கிடைத்தது. அதே செப்டம்பரில் முழங்கால் தசைநார் கிழிந்து கிட்டத்தட்ட ஒரு சீசனே போனது. 2026 உலகக் கோப்பைக்கு முன் அவருக்கு ஆட்டங்கள் தேவைப்பட்டன. 33 வயதில் ஒரு காகிதத்தில் "நான்கு மாதம்" என்று எழுதினால், சீக்கிரம் குணமானாலும் அதற்குள் திரும்ப முடியாது.

ஆகஸ்ட் 7 அன்று கிளப் ஒழுங்கு நடவடிக்கையைத் தொடங்கி, கேப்டன் பதவியைத் தற்காலிகமாகப் பறித்தது. அடுத்த நாள் அவர் கையெழுத்துப் போட்டார், பதவியும் திரும்பியது. சட்டப்படி எல்லாம் சரியாக இருக்கலாம். ஆனாலும் ஒருவரின் மருத்துவ ரகசியத்துக்கான சம்மதத்தைக் கைப்பட்டையைப் பிடுங்கி வாங்கியது, 11 வருடம் ஆடியவருக்கு நடந்த மரியாதை இல்லை.

களத்தில் என்ன விலை?

கணக்கு நேராவதற்கு இன்னொரு விலையும் இருக்கு. டிஃபெண்டர் இனிகோ மார்டினெஸ் இலவசமாக சவூதியின் அல் நஸ்ருக்குப் போனார். சம்பளப் பட்டியலில் இடம் காலியானது. ஆனால் ஹான்சி ஃப்ளிக்கின் ஆட்டமே தற்காப்பு வரிசையை மைதானத்தின் நடுவரைக்கும் தள்ளி நிறுத்துவதில்தான் இருக்கு. "இப்போ ஏறு, இப்போ நில்லு" என்று அந்த வரிசையை நடத்தியவர்களில் முக்கியமானவர் இனிகோ. 2024-25 சீசனில் லா லிகா, கோபா டெல் ரே, சூப்பர் கோப்பை மூன்றையும் வென்ற அணியிலிருந்து அந்தக் குரல் போயிருக்கிறது. சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் இன்டர் மிலானிடம் இரண்டு ஆட்டங்களில் 7 கோல் வாங்கிய அணிக்கு இது சின்ன இழப்பு இல்லை.

கேம்ப் நூ அப்போது இன்னும் தயாராகியிருக்கவில்லை. அதனால் பெரிய மைதானத்தின் டிக்கெட் வருமானமும் வரவில்லை. வருமானம் வராததால் வரம்பும் ஏறவில்லை.

ஆகஸ்ட் 16 அன்று மல்லோர்காவில் நடந்த முதல் ஆட்டத்தில் பார்சிலோனா 3-0 என வென்றது. கோல் கம்பத்தில் நின்றவர் ஜோன் கார்சியா. ராஷ்ஃபோர்ட் மாற்று வீரராக வந்தார். இரண்டு பேரின் பதிவும் ஆட்டத்துக்குக் கொஞ்சம் முன்னாடிதான் முடிந்தது. ஒப்பந்தத்தைப் புதுப்பித்த கோல்கீப்பர் ஷ்செஸ்னியும் இளம் விங்கர் ரூனி பார்ட்ஜியும் பதிவாகாததால் அன்று ஆட முடியவில்லை. அடுத்த ஆட்டம் ஆகஸ்ட் 23-ல் லெவாண்டேவுடன் இருந்தது. வீரர்களை வாங்கவும் விற்கவும் செப்டம்பர் 1 வரை நேரம் இருந்தது.