சிலரின் உயிரும் அரசின் கடமையும்

ஏறக்குறைய முப்பதினாயிரம் பேரில் ஒருவருக்கு வரும் நோயைப்பற்றி அரசியல் வார ஏடொன்று எழுதுவதேன் என அன்பர்கள் வினவலாம். அந்த ஒருவரின் உயிர் மருந்து தடையின்றிக் கிடைப்பதில் தங்கியுள்ளது. மருந்து கிடைப்பதோ அரசின் கொள்கையிலும் வணிகர் குறிக்கும் விலையிலும் தங்கியுள்ளது. ஆகவே இது அரசியல் விடயமேயாகும்.

நாம் கூறுவது வில்சன் நோய். 1912-ம் ஆண்டில் இதனை விரிவாக எடுத்துரைத்த கின்னியர் வில்சன் என்னும் வைத்தியரின் பெயரால் வழங்குவது. உணவிலுள்ள செம்பில் உடலுக்கு வேண்டியது போக எஞ்சியதை ஈரல் பித்தத்தின் வழியே வெளியேற்றும். இந்நோயாளருக்கு அவ்வழி பிறப்பிலேயே பழுதுபட்டுள்ளது. வடிகாலற்ற வயலில் உவர் ஏறுவதுபோல, ஈரலிலும் மூளையிலும் செம்பு தேங்குகிறது. கை நடுங்கும், பேச்சுக் குழறும், ஈரல் கெடும், மருந்தின்றேல் முடிவு மரணமே.

தாய் தந்தை இருவரும் நோயின்றியே இக்குறையைச் சுமந்திருப்பின், அவர்களின் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. மைத்துன உறவில் மணமுடிக்கும் வழக்கமுடைய எம்மவர் இதனைக் கருத்திற் கொள்ளவேண்டும். ஒரு பிள்ளைக்கு நோய் கண்டால் உடன்பிறந்தோர் அனைவரையும் சோதிப்பித்தல் கடமை. குறிகள் தோன்றுமுன்னரே மருந்து தொடங்கின், நோய் தலைதூக்காது தடுக்கலாம்.

அம்மருந்தின் வரலாறு பெருமைக்குரியது. ஜோன் வால்ஷ் என்னும் ஆங்கிலேய வைத்தியர் பெனிசிலமின் என்ற பொருள் செம்பைப் பற்றிச் சிறுநீருடன் வெளியேற்றும் எனக் கருதி, முதலில் தாமே உட்கொண்டு பார்த்து, பின்னர் நோயாளருக்கு அளித்து, 1956-ல் உலகுக்கு அறிவித்தார். அது ஒவ்வாதவர்க்கென டிரையன்டீன் என்னும் மற்றொரு மருந்தையும் அவரே கண்டளித்தார்.

இம்மருந்தை வாழ்நாள் முழுதும் உட்கொள்ள வேண்டும். அதுவும் வெறும் வயிற்றில், உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னரோ இரண்டு மணி நேரம் பின்னரோ. “சுகமாகிவிட்டது, இனிக் குளிசை எதற்கு?” என்று நிறுத்தியவர் சிலர் ஈரல் செயலிழந்து மாண்டதை வைத்திய உலகம் அறியும். சுகம் தருவதே அந்தக் குளிசைதான் என்பதை நோயாளரும் வீட்டாரும் மறத்தலாகாது. வைத்தியரைக் கேளாமல் ஒருநாளும் நிறுத்தலாகாது.

நோயாளர் தம் கடமையைச் செய்தாலும், மருந்து எட்டாவிடின் என் செய்வார்? அமெரிக்காவில் டிரையன்டீன் குளிசை நூறின் விலை 2010-ல் ஏறக்குறைய 650 டொலர். 2015-ல் 21,000 டொலருக்கும் மேல்! மருந்து மாறவில்லை, மாறியது விலை மட்டுமே. நோயாளர் சிலரே, போட்டியில்லை, வாங்காவிடிற் சாவு. இந்த மூன்றையும் கணக்கிட்டே அவ்விலை குறிக்கப்பட்டது என்பதில் எமக்கு ஐயமில்லை.

எமது நாட்டிலோ, மருந்துகளை வணிகப் பெயராலன்றி இயற்பெயரால் மொத்தமாகக் கொள்முதல் செய்து விலையைக் குறைக்கும் வழியைப் பேராசிரியர் சேனக பிபிலே காட்டினார். அதற்கெனவே 1971-ல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது. ஆயினும் 2022-ல் அந்நியச் செலாவணி வற்றியபோது வைத்தியசாலைகளில் மருந்துத் தட்டுப்பாடு தலைவிரித்தாடியதை நாடே கண்டது. பலருக்கான மருந்தே கிட்டாத வேளையில், சிலருக்கான மருந்தை யார் நினைப்பார்?

ஆகவே நாம் வற்புறுத்துவது இது: அரிய நோய்களுக்கான உயிர்காக்கும் மருந்துகளை அரசு தனியே பட்டியலிட வேண்டும், குறைந்தது ஆறு மாதத்துக்கு வேண்டிய சேமிப்பை எந்நாளும் வைத்திருக்க வேண்டும், கொழும்போடு நில்லாது மாவட்ட வைத்தியசாலைகளிலும் அவற்றை வழங்க வேண்டும். நோயாளர் சிலரே ஆதலின் செலவும் சிறிதே.

கமக்காரன் பஞ்சத்திலும் விதைநெல்லைத் தொடுவதில்லை. அந்த விவேகம் அரசுக்கும் வேண்டும். தலைகளை எண்ணி உயிருக்கு விலை குறிக்கும் அரசு, மக்களரசு என்னும் பெயருக்கு உரியதன்று.