மாத்திரையும் மெமோவும்

காலை பத்து மணிக்கு எங்கள் அலுவலகத்து மாடிப்படியில் நின்று அழுதிருக்கிறேன். ஒரு நாள் இல்லை, பல நாள். ஏறிப்போய் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டால் சம்பளம். திரும்பிப் போனால் மெமோ. ரெண்டுக்கும் நடுவுல கெடந்து தவிச்சது என் உடம்பு.

எம்.ஏ. தமிழ் படித்தவன் நான். குரூப் நான்கு தேர்வெழுதி இளநிலை உதவியாளராக வந்தவன். எங்கள் சேரியில் அரசாங்க வேலைக்குப் போன மூன்றாவது ஆள். மேடையில் பேசுபவன், எழுதுபவன். 'ஒனக்கு இன்னாடா கொறச்சல்?' என்று தெருவே கேட்கும். குறைச்சல் என்னவென்று எனக்கும் தெரியவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் தூக்கம் போனது. விடியற்காலை மூணு மணிக்கு முழிப்பு வந்துவிடும். சோறு மண்ணாகத் தெரிந்தது. ஒரு பக்கக் கடிதத்தைப் படித்து முடிக்க அரைமணி ஆனது. படிச்ச வரியையே திரும்பத் திரும்பப் படிப்பேன். மேசையில் கோப்புகள் ஏறிக்கொண்டே போயின.

மெமோ வந்தது. பிறகு 17(அ) பிரிவில் விளக்கம் கேட்டார்கள். கண்காணிப்பாளர் பக்கத்து மேசைக்காரரிடம் சொன்னார், என் காதில் விழணும்னே சொன்னார்: 'கோட்டாவுல வந்தா இப்படித்தான்.' அதே அறையில் இன்னொருவர் மாதக்கணக்கில் கோப்பைத் தேக்குவார். அவருக்குச் சர்க்கரை வியாதி, பாவம். அவர் தேக்கினால் நோய். நான் தேக்கினால் சாதி.

நம்மில் வேலைக்குப் போன ஒவ்வொருத்தருக்கும் இந்தக் கணக்குத் தெரியும். அவர்களில் ஒருவர் தவறினால் அந்த ஒருவர்தான் தவறினார். நம்மில் ஒருவர் தவறினால் ஒட்டுமொத்த இடஒதுக்கீடும் குற்றவாளிக் கூண்டில் ஏறி நிற்கும். ஆகவே நாம் நோயாளியாக இருக்கக்கூட அனுமதி இல்லை. கழிவறையில் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். தற்செயல் விடுப்பு பன்னிரண்டும் தீர்ந்தபோது 'வயித்து வலி' என்று எழுதிக்கொடுத்தேன். வயிற்றுக்கு மரியாதை உண்டு, மனசுக்குக் கிடையாது. 'எப்படியோ சமாளிச்சிட்டியே' என்று இன்று சிலர் பாராட்டுகிறார்கள். அது வீரம் இல்லை தோழர்களே. வேறு வழியில்லாமை.

அலுவலகத்தோடு நிறுத்திக்கொண்டால் இந்தக் கட்டுரை பாதிப் பொய். நம் ஆட்கள் என்ன செய்தோம்? மூத்த தோழர் ஒருவர் சொன்னார்: 'மனச்சோர்வெல்லாம் நடுத்தர வர்க்கத்து வியாதி. களத்துக்கு வாங்க, சரியாப்பூடும்.' அவருக்கு என் அம்மாவைச் சொல்கிறேன். அப்பா செத்ததுக்கப்புறம் ரெண்டு வருஷம் 'நெஞ்செல்லாம் கனக்குது, மேலெல்லாம் எரியுது' என்று சொல்லிக்கொண்டே நடவுக்குப் போனாள். பூசாரி வேப்பிலை அடித்தார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வலி மாத்திரை கொடுத்தார்கள். நாள் முழுக்கக் களத்தில் நின்றவள் அவள். களம் அவளைக் குணப்படுத்தவில்லை. அவளிடம் நோய் இருந்தது, அதைச் சொல்லப் பேர்தான் இல்லை. 2015-16இல் நிம்ஹான்ஸ் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு என்ன சொல்கிறது? மனச்சோர்வு உள்ள 100 பேரில் 80 பேருக்கு மேல் சிகிச்சை இல்லாமல் கிடக்கிறார்கள். வருமானம் குறைந்த வீடுகளில்தான் மனநோய் கூடுதல். நடுத்தர வர்க்கத்துக்கு இருப்பது மருத்துவரிடம் போகும் வசதி. நோய் நமக்கும்தான்.

2016 ஜனவரியில் ரோகித் வெமுலா செத்தபோது தெருவில் இறங்கினோம். அமைச்சகம் போட்ட ஒரு நபர் ஆணையம் சொந்தக் காரணம் என்று எழுதியது. மனசைக் காட்டிச் சாதியை மறைக்கிறான் என்று கத்தினோம். சரிதான். அதற்கு மறுமொழியாக நாம் என்ன செய்கிறோம்? சாதியைக் காட்டி மனசை மறைக்கிறோம். உயிரோடு இருக்கும் தோழன் 'என்னால முடியல' என்றால் நம்மிடம் இருப்பது ஒரு முழக்கம் மட்டும்தான். செத்த பிறகு சுவரொட்டி அடிக்கத் தெரிந்த நமக்கு, சாகும்முன் பஸ் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகத் தெரியவில்லை.

என்னைக் கூட்டிப்போனவள் என் தங்கச்சி. மாவட்ட அரசு மருத்துவமனை, மனநலப் பிரிவு. மருத்துவர் நல்லவர்தான். தூக்கம், பசி, குடி, குடும்பத்தில் யாருக்காவது உண்டா, எல்லாம் கேட்டார். அலுவலகத்தில் என்ன நடக்கிறது என்று கேட்கவில்லை. சாதி அவருடைய தாளில் இல்லை. எல்லா மனச்சோர்வும் சாதியால் வருகிறது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கேட்காமலே அது இல்லை என்று எப்படி முடிவுகட்டுவது?

மாத்திரை உடனே பிடிக்காது, சில வாரம் ஆகும், சொல்லாம நிறுத்தாதே என்றார். முதல் வாரம் குமட்டல். நாலாவது வாரம் ஒரு காலையில் டீ ருசித்தது. மாத்திரை போராளியின் மூளையை மழுக்கும் என்கிறீர்களே, மழுங்கிக் கிடந்தது நோயில்தான். மாத்திரை தின்ற பிறகுதான் மெமோவுக்குப் பதில் எழுதினேன். வயிற்று வலி என்று எழுதவில்லை. மனச்சோர்வு என்று எழுதி, மருத்துவச் சான்றை வைத்தேன். 'கோட்டா' என்று சொன்னதையும் எழுதினேன். கண்டனத்தோடு முடித்தார்கள். அது என் பணிப்பதிவேட்டில் இருக்கிறது. கண்காணிப்பாளர் பதிவேட்டில் ஒன்றும் இல்லை.

1917இல் பரோடாவில் வேலைக்குப் போன அம்பேத்கருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்து விரட்டினார்கள். பூங்காவில் காத்திருந்து இரவு ரயிலேறினார். பல வருஷம் கழித்தும் கண்ணீரில்லாமல் அதை நினைக்க முடியவில்லை என்று அவரே எழுதிவைத்தார். அழுததை மறைக்காதவரை நாம் கோட்டும் புத்தகமுமாகச் சிலையாக்கி, அழாத தலைவராக வைத்துக்கொண்டோம்.

சட்டம் இருக்கிறது. உடல் நோய்க்குச் சமமாக மனநோயை நடத்தவேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம். பணிக்காலத்தில் ஊனமுற்ற அரசு ஊழியரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது 2016ஆம் ஆண்டுச் சட்டம். அந்த ஊனங்களின் பட்டியலில் மனநோயும் உண்டு. 14416 என்ற எண்ணில் 2022 முதல் இலவசமாகப் பேசலாம். எங்கள் அலுவலக அறிவிப்புப் பலகையில் இதில் ஒன்றும் இல்லை. நம் சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலிலும் இல்லை. பஞ்சப்படிக்கு நடக்கும் ஊர்வலத்தில் இதற்கும் ஒரு தட்டி பிடிப்போம். சாதிப்பேச்சையும் சேர்த்துக் கேட்கும் மருத்துவரைக் கேட்போம்.

இப்போதும் சில காலையில் அந்தப் படி உயரமாகத் தெரிகிறது. மாத்திரையை முழுங்கிவிட்டு ஏறுகிறேன். மாத்திரை என்னை ஏற்றிவிடும். மேலே உட்கார்ந்திருக்கும் சாதிக்கு மாத்திரை கிடையாது. அதுக்கு நாமதான்.